கொம்பு முன்னா, பின்னா?
வரியின் பகுதிகளை இடம் மாற்றும் குறித்தொடர்களின் வரலாறு

தமிழ்ச் செய்யுளுக்குப் பொருள் காண்போர், சொற்கள் நின்ற வரிசையிலேயே எப்போதும் பொருள் கொள்வதில்லை. முன்னிற்கும் சொல்லைப் பின்னுக்கும், பின்னிற்கும் சொல்லை முன்னுக்கும் கொண்டுசென்று கூட்டிப் பொருள் உரைப்பது உண்டு. இதனைப் பொருள்கோள் என்பர். தொல்காப்பியம் நிரல்நிறை, சுண்ணம், அடிமறி, மொழிமாற்று என நான்கு பொருள்கோள்களைச் சொல்லதிகாரத்தில் கூறுகிறது. நன்னூலார் அவற்றை எட்டாக விரித்துரைத்தார். ஆகவே, ஓர் அடியின் பகுதிகளை இனம் காணுதல், பிரித்தல், உரிய இடத்தில் மாற்றி வைத்தல் ஆகிய மூன்றும் தமிழாசிரியர்க்குப் புதிய தொழில்கள் அல்ல.

இதே தொழிலை இயந்திரத்திற்குக் கற்பிக்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் எழுந்தது. அதற்கும் தமிழிலக்கணத்திற்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதும் இல்லை. ஆயினும் அங்கே பிறந்த கருவி அரை நூற்றாண்டிற்குள் தமிழ் எழுத்தின் கொம்பை வந்தடைந்தது. 1990-களில் பல நாட்டுத் தமிழர் கணினியில் தட்டெழுதிச் சேர்த்த நூல்களை இன்றைய வாசகன் படிக்க முடிகிறதென்றால், அக்கருவிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' என்பது அதன் பெயர். தமிழில் அதனைச் சுருங்குறித்தொடர் என்று வழங்குவோர் உளர். ஈண்டு சுருக்கம் கருதிக் குறித்தொடர் எனப்படும்.

நரம்பாய்விற் பிறந்த குறியீடு

குறித்தொடரின் பிறப்பிடம் கணினி அன்று. மனித மூளையைப் பற்றிய ஆராய்ச்சியே ஆகும். வாரன் மக்கல்லாக் என்னும் நரம்பியல் அறிஞரும் வால்ட்டர் பிட்ஸ் என்னும் இளம் தருக்கவியலாரும் 1943-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நரம்பணுக்களின் வலையைக் கணிதக் குறியீடுகளால் விளக்க முயன்ற கட்டுரை அது. எட்டாண்டுகள் கழித்து, 1951-ஆம் ஆண்டுக் கோடையில், விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஸ்டீவன் கோல் கிளேனி, கலிபோர்னியாவிலிருந்த ராண்ட் ஆய்வு நிறுவனத்திற் பணியாற்றச் சென்றார். அங்கே அக்கட்டுரை அவர் கைக்கு வந்தது. இத்தகைய வலை எவ்வெத் தொடர்களை இனங்காண வல்லது என்னும் வினாவை அவர் எழுப்பினார்.

அவர் கண்ட விடை எளிமையானது. மூன்று செயல்கள் போதும். ஒன்றை அடுத்து மற்றொன்று வருதல் முதலாவது. இதுவோ அதுவோ வருதல் இரண்டாவது. ஒன்றே எத்தனை முறையேனும் மீண்டும் மீண்டும் வருதல் மூன்றாவது. மூன்றாவதற்கு அவர் உடுக்குறியைப் பயன்படுத்தினார். இன்றும் அது 'கிளேனி உடு' என்றே வழங்குகிறது.

தமிழ் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஆகாரத்தை அடுத்து அகரம் எத்தனை முறையேனும் வரலாம் என்று கிளேனியின் முறையில் எழுதினால், 'ஆஅ', 'ஆஅஅ' ஆகிய அளபெடைகள் யாவும் அந்த ஒரே தொடருள் அடங்கிவிடும். எத்தனை முறையேனும் என்பது ஒரு முறையும் வாராமையையும் உள்ளடக்கும் ஆதலால், அளபெடுக்காத 'ஆ' என்பதும் அதனுள் அடங்கும்.

இவ்வகைத் தொடர்களுக்குக் கிளேனி 'ரெகுலர்', அதாவது ஒழுங்குடையவை, எனப் பெயரிட்டார். அப்பெயரில் அவருக்கே முழு நிறைவு இல்லை. இதனினும் பொருத்தமான சொல்லை யாரேனும் கூறினால் வரவேற்பதாக அவர் குறிப்பெழுதினார். 1951-இல் அறிக்கையாக எழுதப்பட்ட அவ்வாய்வு 1956-இல் ஒரு தொகுப்பு நூலில் அச்சேறியது. தற்காலிகமாக வைத்த பெயரே நிலைத்துவிட்டது.

ஏட்டிலிருந்து கருவிக்கு

பன்னிரண்டு ஆண்டுகள் அது பெரும்பாலும் கணிதவியலார்க்கு உரிய பொருளாகவே இருந்தது. அதனை எழுத்துத் திருத்தும் கருவியாக்கியவர்களுள் முதன்மையானவர் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கென் தாம்சன். பட்லர் லாம்ப்சன், பீட்டர் டாய்ச் ஆகியோர் பெர்க்கிலியில் உருவாக்கிய 'கியூஈடி' என்னும் பதிப்புச் செயலியைத் தாம்சன் புதிதாக எழுதியபோது, கிளேனியின் குறியீட்டை அதில் சேர்த்தார். ஐ.பி.எம். 7094 கணினியில் குறித்தொடரை நேரே இயந்திரக் கட்டளைகளாக மாற்றித் தேடும் முறையை விளக்கி 1968-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு கட்டுரையும் வெளியிட்டார். பின்னர் யூனிக்ஸ் இயங்குதளத்திற்கென அவர் எழுதிய 'ஈடி' என்னும் சிறிய பதிப்புச் செயலியிலும் அக்குறியீடு இடம்பெற்றது.

அடுத்த வளர்ச்சிக்குத் தூண்டுகோலாக இருந்தது ஓர் இலக்கிய ஆராய்ச்சி. அமெரிக்க அரசியல் சட்டத்தை ஆதரித்து 1787, 1788 ஆகிய ஆண்டுகளில் 'பப்ளியஸ்' என்னும் புனைபெயரில் 85 கட்டுரைகள் வெளிவந்தன. எழுதியவர் ஹாமில்ட்டன், மாடிசன், ஜே ஆகிய மூவர். அவற்றுட் சிலவற்றை எழுதியவர் யார் என்பதில் நெடுங்காலம் ஐயம் நிலவியது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த லீ மக்மஹோன் சொல்லாட்சியைக் கொண்டு அவ்வையத்தைத் தீர்க்க விரும்பினார். ஆனால் அக்கட்டுரைகள் முழுவதும் அக்காலக் கணினியின் சிறிய நினைவகத்தில், 'ஈடி' செயலிக்குள் அடங்கவில்லை.

தாம்சன் அச்செயலியின் தேடும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, வரி வரியாகப் படித்துச் செல்லும் தனிக் கருவியாக அமைத்தார். 'கிரெப்' என்பது அதன் பெயர். 'ஈடி' செயலியில் 'எல்லா இடத்தும் இக்குறித்தொடரைத் தேடி அச்சிடு' என்பதற்குரிய கட்டளையின் எழுத்துகளே சேர்ந்து அப்பெயராயின. 1973-இல் அது யூனிக்ஸ் கையேட்டில் இடம்பெற்றது. ஆசிரியர் யார் என்று தேடும் பழம் புலமைத்துறை ஒன்று, கணினி உலகம் முழுவதும் இன்றும் பயன்படுத்தும் கருவிக்குக் காரணமாயிற்று.

'கிரெப்' தேடித் தருமேயன்றி மாற்றித் தராது. மாற்றும் வேலைக்கென மக்மஹோன் 1973, 1974 ஆகிய ஆண்டுகளில் 'செட்' என்னும் கருவியை எழுதினார். ஓடும் நீரில் வலை விரிப்பது போல, ஓடிவரும் வரிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, திருத்தி, மீண்டும் ஓடவிடுவது அதன் இயல்பு. 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் வழியாக அது பல்கலைக்கழகங்களிற் பரவியது.

அடைப்புக்குறியும் எண்ணும்

'ஈடி', 'செட்' ஆகியவற்றில் அமைந்த ஓர் உத்தியே இடமாற்றத்தின் உயிர்நிலை. தேடும் தொடரின் ஒரு பகுதியை அடைப்புக்குறிக்குள் இட்டால், அப்பகுதிக்குள் அகப்பட்ட எழுத்துகளைக் கருவி நினைவில் வைத்துக்கொள்ளும். முதல் அடைப்பிற்கு 1, இரண்டாவதற்கு 2 என்று எண் உண்டு. பின்னர் அவ்வெண்ணைச் சொல்லி வேண்டிய இடத்தில் அவற்றை அழைக்கலாம்.

மலாயா விடுதலை பெற்ற நாள் ஒரு கோப்பில் 1957-08-31 என்றும், சிங்கப்பூர் தனி நாடான நாள் 1965-08-09 என்றும் எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். ஆண்டை இறுதிக்கும் நாளை முதலுக்கும் மாற்ற வேண்டும். தேடும் தொடர் இவ்வாறு அமையும்:

\([0-9]*\)-\([0-9]*\)-\([0-9]*\)

மாற்றும் தொடர் இது:

\3-\2-\1

சதுர அடைப்பு 'இவ்விலக்கங்களுள் ஏதேனும் ஒன்று' எனவும், உடுக்குறி 'எத்தனையேனும்' எனவும் பொருள்படும். மூன்று பகுதிகள் பிடிக்கப்பட்டு, மூன்றாவது முதலிலும் முதலாவது இறுதியிலும் வைக்கப்படுகின்றன. விளைவு 31-08-1957, 09-08-1965 என வரும். இரண்டு வரியாயினும் இரண்டு இலட்சம் வரியாயினும் கட்டளை ஒன்றே.

ஆனால் இக்கருவிக்கு அறிவு இல்லை. பேராசை மட்டும் உண்டு. உடுக்குறி தன்னால் இயன்ற அளவு நீளமாகவே பற்றிக்கொள்ளும். தந்தை பெயரை முன்னும் இயற்பெயரைப் பின்னும் காற்புள்ளியிட்டு எழுதிய பட்டியலை மாற்ற, 'எதுவாயினும், ஒரு காற்புள்ளி, எதுவாயினும்' என்று தொடர் எழுதுவோர் பலர். 'கண்ணன், மலர்விழி' என்பது 'மலர்விழி கண்ணன்' எனச் சரியாகவே மாறும். 'கண்ணன், மலர்விழி, ஈப்போ' என்று ஊர்ப்பெயரும் சேர்ந்த வரி வந்தால் என்னாகும்? முதற்பகுதி கடைசிக் காற்புள்ளி வரை விழுங்கிவிடும்; 'ஈப்போ கண்ணன், மலர்விழி' என்று ஊரே ஆளாகிவிடும். முதற்பகுதியை 'காற்புள்ளி அல்லாத எதுவாயினும்' என்று வரையறுத்து, ஊருக்கெனத் தனி அடைப்பும் இட்டால் இப்பிழை நேராது. இலக்கண நூலார் விதியோடு விலக்கையும் சேர்த்துச் சொல்வதன் தேவை இங்கும் விளங்கும்.

இவ்வெண்களைத் தேடும் தொடருக்குள்ளேயே பயன்படுத்தி, 'முன்னர் வந்த அதே பகுதி மீண்டும் வருக' என்று கேட்பதும் உண்டு. அது கிளேனி வகுத்த எல்லைக்குள் அடங்குவதன்று. அவ்வகைத் தேடல், கணினியியலில் மிகக் கடினமானவை எனப்படும் கணக்குகளின் வகுப்பைச் சேர்ந்தது என ஆல்ஃபிரட் ஏஹோ 1990-இல் எடுத்துக்காட்டினார். பெயர் பழையதாயினும் பொருள் விரிந்துவிட்டது.

ஏஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் ஆகிய மூவர் 1977-இல் உருவாக்கிய 'ஆக்', ஹென்றி ஸ்பென்சர் 1986-இல் யாவர்க்கும் வழங்கிய குறித்தொடர் நிரல், மொழியியல் பயின்ற லாரி வால் 1987-இல் வெளியிட்ட 'பெர்ல்' ஆகியவை வழியாகக் குறித்தொடர் உலகெங்கும் பரவியது.

தமிழின் கொம்பு

'கெ' என்று எழுதும் தமிழ் மாணவன் முதலிற் கொம்பை எழுதுகிறான். அடுத்துக் ககரத்தை எழுதுகிறான். ஆனால் ஒலியில் மெய் முன்னது, உயிர் பின்னது. கண்ணின் வரிசை ஒன்று. காதின் வரிசை மற்றொன்று. 'கொ' என்னும் எழுத்திலோ ஒரே உயிரின் குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. கையால் எழுதும்வரை இவ்வேறுபாடு எவர்க்கும் இடையூறாகவில்லை.

தட்டச்சுப் பொறி கண்ணின் வரிசையையே பின்பற்றியது. தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை எனப் போற்றப்படும் இரா. முத்தையா, யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து வாழ்ந்தவர். அப்பொறியில் கொம்பு முதலில் அடிக்கப்படும். 1980-களிலும் 1990-களிலும் எழுந்த தமிழ் எழுத்துருக்கள் பலவும் இவ்வழியையே மேற்கொண்டன. ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அவரவர் விரும்பியவாறு அமைத்தனர். ஓர் எழுத்துருவில் 'அம்மா' என்று தோன்றியது மற்றொன்றிற் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது.

இக்குழப்பத்தைத் தீர்க்கும் முயற்சியில் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் பெரும் பங்கு உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-இல் 'முரசு அஞ்சல்' மென்பொருளைத் தொடங்கினார். சிங்கப்பூர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமியின் உழைப்பால், 1995-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான சிங்கப்பூர்க் கவிதைகளின் நான்மொழி இணையத் தொகுப்பில் தமிழும் இடம்பெற்றது. 1997-இல் சிங்கப்பூரிற் கூடிய 'தமிழ்நெட் 97' மாநாடு, பல நாட்டு வல்லுநரை ஒன்றுசேர்த்தது. பின்னர் மின்னஞ்சற் குழுவின் வழி உரையாடி 'திஸ்கி' என்னும் குறியீட்டு முறையை ஆர்வலர் வகுத்தனர். 1999-இல் சென்னை மாநாட்டையொட்டித் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்னும் இரு முறைகளை அறிவித்தது. அவ்வாண்டே கோவிந்தசாமி மறைந்தார். 2000-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் மாநாட்டின்போது 'உத்தமம்' என்னும் உலக அமைப்புத் தோன்றியது.

திஸ்கி, டாம், டாப் ஆகிய மூன்றும் கண்ணின் வரிசையையே கைக்கொண்டவை. ஆனால் 1991-இல் வெளிவந்த யூனிகோடு, இந்திய அரசின் 'இஸ்கி' முறையைத் தழுவித் தமிழுக்குக் காதின் வரிசையை வகுத்திருந்தது. அதில் ககரம் முன்னும் கொம்பு பின்னும் நிற்கும். காட்சியில் மட்டும் கொம்பு இடப்புறம் தோன்றும். தாய்லாந்து மொழிக்கும் மெய்க்கு முன் எழுதப்படும் உயிர்க்குறிகள் உண்டு. தாய் மொழிக்கோ அந்நாட்டின் பழைய தரத்தைப் பின்பற்றி, யூனிகோடு கண்ணின் வரிசையையே விட்டுவைத்தது. ஆகவே தமிழ்க் கோப்புகளுக்கு நேர்ந்த இவ்விடமாற்ற வேலை தாய் மொழிக்கு நேரவில்லை.

உலகம் யூனிகோடுக்கு மாறியபோது, பழைய கோப்புகளில் இருந்த ஒவ்வொரு கொம்பையும் இடம்பெயர்க்க வேண்டியதாயிற்று. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொடக்கக்கால நூல்கள் பழைய முறைகளில் தட்டெழுதப்பட்டவையே. அவற்றைக் கையால் மீண்டும் தட்டெழுதுவது ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேலை. குறித்தொடரிலோ அது ஒரு வரி:

\(கொம்பு\)\(உயிர்மெய்\) என்பதை \2\1 ஆக்குக.

கிளேனியின் குறியீடும் அடைப்பும் எண்ணும் இங்கே தமிழ் மாணவன் எழுதும் வரிசையை, அவன் ஒலிக்கும் வரிசையாக மாற்றின.

விதிக்குள் மறைந்த சிக்கல்கள்

ஒரு வரி போதும் என்பது தொடக்கத்தில்தான். முதலிற் 'கொ', 'கோ', 'கௌ' எனப் பக்கம் இரண்டிலும் குறி நிற்கும் எழுத்துகளை மாற்ற வேண்டும்; பின்னரே 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றை மாற்ற வேண்டும். வரிசை பிறழ்ந்தால் 'கொ' என்பது ககரம், கொம்பு, கால் என மூன்று துண்டுகளாக நின்றுவிடும். யூனிகோடு அதனையும் 'கொ' என்பதற்கு ஒப்பானதாகவே ஏற்கிறது. திரையிலும் அவ்வாறே தோன்றும். ஆனால் இரண்டையும் ஒருநிலைப்படுத்தாத தேடற் கருவிக்கு அவை வேறு வேறு. கண்முன் இருக்கும் சொல்லை இல்லையென்று அது கூறிவிடும்.

'க்ஷேமம்' போன்ற சொற்களில் மற்றொரு சிக்கல். பழைய முறையில் 'க்ஷ' ஒரே குறி; யூனிகோட்டில் அது ககரம், புள்ளி, ஷகரம் என மூன்று. குறிகளை மாற்றிய பின்னர்க் கொம்பை இடம்பெயர்த்தால், அது ககரத்தோடு நின்று சொல்லைச் சிதைத்துவிடும்.

எல்லாவற்றினும் பெரிய சிக்கல் ஔகாரக் குறியால் வந்தது. அதன் வலப்பகுதியும் ளகரமும் வடிவில் ஒன்றே. கொம்பு, மெய், ளகரம் என்னும் மூன்றையும் ஔகாரமெனக் கொள்ளும் விதி 'மௌனம்' என்பதைச் சரியாகத் தரும். ஆனால் 'வெள்ளம்', 'வெளியீடு' ஆகிய சொற்களிலும் அதே மூன்றும் அதே வரிசையில் நிற்கின்றன! இணையப் பக்கங்களில் 'வௌியீடு' என்னும் விந்தைச் சொல் காணப்படுவது இதனால்தான். ளகரத்தை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ஔகாரம் அன்று என்னும் விலக்கைச் சேர்த்தால் இப்பிழை நீங்கும்.

அப்போதும் ஒன்று எஞ்சும். சிறுகதையில் ஒரு பாத்திரம் விளக்கை 'வெளக்கு' என்று பேச்சுவழக்கிற் கூறினால், அங்கே ளகரத்தை அடுத்துப் புள்ளியும் இல்லை, குறியும் இல்லை. விதியோ அதனை 'வௌக்கு' என்று மாற்றிவிடும். இதனை எந்தக் குறித்தொடராலும் எழுத்தமைப்பை மட்டும் கொண்டு அறிய இயலாது. சொல்லை அறிந்தவரே அறிவர்.

எழுத்து என்பது எது?

1992-ஆம் ஆண்டு செப்டம்பரில் அதே கென் தாம்சன், ராப் பைக் என்பவருடன் சேர்ந்து 'யூ.டி.எஃப்-8' என்னும் முறையை வகுத்தார். இன்று இணையத்தில் தமிழ் பெரும்பாலும் அம்முறையிலேயே உலவுகிறது. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள் கொண்டது. பைட்டையே எழுத்தெனக் கொண்ட பழைய கருவிகள், 'ஏதேனும் ஓர் எழுத்து' என்று கேட்டால் தமிழ்க் குறியில் மூன்றிலொரு பங்கையே பிடித்தன.

அக்குறை பின்னர் நீங்கியது. எனினும் குறி வேறு, எழுத்து வேறு. 'விகடகவி' என்பதை எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே என்பதை மாலைமாற்று அறிந்த மாணவனும் கூறுவான். தமிழில் அது ஐந்தெழுத்து. யூனிகோட்டிலோ ஏழு குறி. அக்குறிகளைத் தலைகீழாக்கினால் இகரக்குறி முதலில் வந்து தனித்து நிற்கும், சொல் சிதையும். உயிர்மெய்யை ஓரலகாகப் பிடிக்கும்படி தொடர் எழுதினால்தான் இயந்திரமும் அதனை விகடகவி என்று ஒப்புக்கொள்ளும். அதாவது, தமிழ் எழுத்தின் இலக்கணத்தை எழுதுவோரே குறித்தொடருக்குக் கற்பிக்க வேண்டும்.

எஞ்சியுள்ள பணி

2010-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமிழக அரசும் யூனிகோடைத் தரமாக ஏற்றது. இன்று புதிதாகத் தட்டெழுதுவோர்க்குக் கொம்பு முன்னா பின்னா என்ற கவலை இல்லை. ஆனால் பழைய எழுத்துருக்களில் அமைந்த மலர்களும் கட்டுரைகளும் நாடகங்களும் பழைய தட்டுகளில் உறங்குவதுண்டு. எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்னும் ஒரு குறிப்பு இருந்தால் அவற்றுள் ஒன்றைச் சில நொடிகளில் மீட்டுவிடலாம். அக்குறிப்பு இல்லையேல், எக்குறி எவ்வெழுத்து என்று ஒவ்வொன்றாக ஊகிக்க வேண்டியிருக்கும். கோப்பின் மேல் எழுத்துருவின் பெயரை எழுதிவைப்பது ஏட்டின் மேல் நூற்பெயர் எழுதுவது போன்ற கடமை.

மீட்டபின் படித்துப் பார்க்கும் வேலையும் உண்டு. பல்லாயிரம் வரிகளை நொடியில் இடம் மாற்றும் கருவி, 'வெளக்கு' என்ற ஒரு சொல்லின்முன் தடுமாறி நிற்கிறது. அவ்விடத்தில் வேண்டப்படுபவர் தமிழறிந்த ஆசிரியரே. ஏட்டுச்சுவடியிலிருந்து அச்சுக்கு நூல்கள் ஏறிய காலத்தில் புள்ளியும் காலும் கொம்பும் நோக்கிப் பாடம் தேர்ந்தவர்கள் செய்த பணியே இது. சுவடிக்குப் பதில் கோப்பு வந்திருக்கிறது. ஓய்வு நேரத்தில் ஒரு பழைய மலரை மீட்டுப் பிழை நோக்கும் ஆசிரியர், அடுத்த தலைமுறை தேடும்போது கிடைக்கும்படி ஒரு நூலை வைத்துச் செல்கிறார்.